காலில் பிரஷர் பார்க்கிற டாக்டர்

எங்கள் பக்கம் பிரஷர் என்பது பாட்டிகளுக்கு உரியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை என்று எந்த ஊர்ப் பக்கம் போனாலும், அதன் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குவதைப் பார்க்கலாம். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணை வாசித்துச் சொல்வாள். அவள் கையில் யாரும் பட்டையைச் சுற்றுவதில்லை. சுற்றச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை.

நான் பெரம்பலூரில் குழந்தை மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் போடும் பெரம்பலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். மீதிப் பேர் சிமென்ட் ஆலைகளும் முந்திரிக்காடுகளும் உள்ள அரியலூர்ப் பக்கம். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மறுபடி எங்களோடு சேர்ந்து, 2007இல் திரும்பவும் பிரிந்தது. ஆனால் நோயாளிகளுக்கு எல்லை கிடையாது. எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அந்தப் பக்கத்து டாக்டரிடம் போவார்கள்.

குழந்தைகளின் பிரஷரை எனக்குக் கற்றுக் கொடுத்தது சிரங்கு. காலில் சொறி சிரங்கு வந்து சீழ் வைத்த பிள்ளைக்கு, சில வாரம் கழித்து ஒரு காலையில் கண் இமை வீங்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். சிரங்கில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பிய படை, திரும்பிச் சிறுநீரகத்தைத் தாக்கியதன் விளைவு அது. அந்தப் பிள்ளைகளுக்குப் பிரஷர் எகிறும். உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்துச் சில நாள் காத்திருந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். வார்டில் சிரங்குப் பிள்ளைகள் படுத்திருந்த காலத்தில் குழந்தைக்குரிய சின்னப் பட்டையைத் தேடி எடுக்கும் பழக்கம் எனக்கு வந்தது. சிரங்கு குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் சில பிள்ளைகளுக்கு வீக்கமே இருக்காது, சிறுநீரும் தெளிவாகப் போகும், பிரஷர் மட்டும் இறங்காது. சின்ன வயதில், ஒல்லியான பிள்ளைக்கு, இவ்வளவு கடுமையான பிரஷர் என்றால் எங்கோ ஒரு குழாய் சுருங்கியிருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியாக இருக்கலாம். சிறுநீரகத்துக்குப் போகும் கிளையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இதன் சூட்சுமத்தை 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களை வைத்துக் காட்டினார். சிறுநீரகத் தமனியில் ஒரு வெள்ளிக் கவ்வியை மாட்டி லேசாக இறுக்கினார், நாயின் பிரஷர் ஏறியது. கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது அங்குள்ள விவசாயி அணையில் தண்ணீரே இல்லை என்று நினைப்பதைப் போல, சுருங்கிய குழாய்க்குக் கீழே இருக்கும் சிறுநீரகம் உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து விடுகிறது. அது ஆஞ்சியோடென்சினை எழுப்புகிறது. உடம்பு முழுக்கக் குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் தங்குகின்றன. பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால்தான் பிரஷருள்ள பிள்ளையின் ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். கோல்ட்பிளாட் நாயில் காட்டியதை நான்கே ஆண்டுகளில், 1938இல், லெட்பெட்டரும் பர்க்லண்டும் ஒரு குழந்தையிடம் கண்டார்கள். ஐந்தரை வயதுப் பையன், இடுப்பெலும்புக்குள் இடம் மாறி இருந்த ஒரு சிறுநீரகம், அதன் தமனி அடைத்திருந்தது. அந்தச் சிறுநீரகத்தை எடுத்ததும் பிரஷர் இறங்கியது. இன்றைக்கு அதை எடுக்கத் தேவையிருக்காது, குழாயைத் திறக்கப் பார்ப்போம். ஆனாலும் பிரஷருக்குக் காரணம் ஒன்று உண்டு, அதை நீக்க முடியும் என்ற நம்பிக்கை குழந்தை மருத்துவத்துக்கு அந்தப் பையனிடமிருந்து வந்தது.

பச்சைமலை அடிவாரத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு படித்தாள். வலிப்பு வந்தது. வேறோர் ஊரில் தலைக்கு ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை. மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போனது. இடையில் அம்மா அவளைச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கும் கூட்டிப் போயிருக்கிறார். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும். வெள்ளிக்கிழமை மந்திரித்து இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை என்னிடம் வந்தார்கள்.

அந்தக் கயிற்றுக்கு மேலே விரலை வைத்தேன். நாடி இல்லை. அம்மா பதறிப்போய், “கயித்த இறுக்கிக் கட்டிட்டாங்களா சார்?” என்றார். கயிறு தளர்வாகத்தான் இருந்தது. முழங்கை மடிப்பிலும் மங்கலாகத்தான் கிடைத்தது. வலக்கையில் நாடி துள்ளியது. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நடக்கும்போது கால் வலிக்குமா என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்: “பள்ளிக்கூடம் போறப்ப பாதி வழியில உக்காந்துக்குவா சார். கால் கடுக்குதுன்னு சொல்லுவா. சோம்பேறித்தனம்னு நான்தான் திட்டுவேன்.”

வலக்கையில் 196க்கு 124. இடக்கையில் மேல் அளவு 104. தொடையில் 110. காலில் பிரஷர் கையைவிடப் பத்து இருபது கூடுதலாக இருப்பதுதான் வழக்கம், இவளுக்கு வலக்கையைவிட 86 குறைவு. இடக்கையை மட்டும் பார்த்தவர் அருமையான பிரஷர் என்று எழுதி அனுப்பியிருப்பார். சுருங்கிய குழாய்க்குக் கீழே இருக்கும் கை பொய்தான் சொல்லும். தொப்புளுக்கு மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது ஒவ்வொரு துடிப்புக்கும் புஸ் புஸ்ஸென்று இரைந்தது.

இந்த மாதிரி நேரத்தில் வரும் பெரிய ஆபத்து அவசரம். பிரஷரைச் சட்டென்று இறக்கக் கூடாது. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்கு ரத்தம் திடீரென்று குறைந்தால் பக்கவாதம் வரும், கண் பார்வை போகும். முன்பெல்லாம் நிஃபிடிபின் கேப்ஸ்யூலில் ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் சொட்டு விடுவார்கள். அது எவ்வளவு இறக்கும், எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வழக்கம் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதில் எனக்குக் கோபம் உண்டு. லேபெடலாலைச் சொட்டு மருந்தாக ஏற்றினோம். கணக்கு இதுதான்: 196இலிருந்து 120 வரை இறக்க வேண்டும் என்றால் வித்தியாசம் 76. அதில் கால் பங்கு 19. முதல் எட்டு மணி நேரத்தில் அதற்கு மேல் இறக்கக் கூடாது. அதாவது இரவு முழுக்கப் பாடுபட்டு விடியும்போது 177இல் நிற்கவேண்டும். மீதியை அடுத்த ஒரு நாளில் மெதுவாக இறக்கலாம். அவள் மாமா விடியற்காலையில் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “ராத்திரி பூரா மருந்து ஏத்தியும் இன்னும் எறங்கலையே?” என்று என்னிடம் வருத்தமாகக் கேட்டார். இறக்காமல் பிடித்து வைத்திருப்பதுதான் வேலை என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. ஆனால் வலிப்பு நின்றிருந்தது, பிள்ளை தோசை கேட்டாள்.

திருச்சிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போனார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும்போது எழும்பூரில் இறங்கலாம், குழந்தைகள் மருத்துவமனையும் அதே எழும்பூரில்தான். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் பலருக்குச் சென்னை என்றால் அந்த ஸ்டேஷனும் அந்த ஆஸ்பத்திரியும் மட்டும்தான். சி.டி. ஆஞ்சியோகிராம் படத்தில் பெருந்தமனி வயிற்றுக்குள் நுழையும் இடத்தில் ஒடுங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகத் தமனிகளின் வாயும் குறுகியிருந்தன. இடக்கைக்குப் போகும் குழாய் ஒரு நூல். டகாயாசு தமனியழற்சி என்று எழுதி அனுப்பினார்கள்.

மிகிட்டோ டகாயாசு ஒரு கண் மருத்துவர். ஜப்பானில் கனசாவாவில் வேலை பார்த்தவர். 21 வயதுப் பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் விநோதமாகப் பின்னிக் கிடந்ததை 1905இல் எடுத்துச் சொன்னார், 1908இல் அச்சில் வந்தது. இதே மாதிரி நோயாளிகளுக்குக் கையில் நாடி இல்லை என்று அதே காலத்தில் வேறு இரண்டு ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். அந்த 1905இல்தான் ரஷ்யாவில் நிக்கோலாய் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டுப் பிரஷர் அளக்கும் முறையைச் சொன்னார். ஜப்பானில் இந்த நோய் பெரும்பாலும் மேலே, கழுத்துக்கும் கைக்கும் போகும் கிளைகளைப் பிடிக்கும். நம் நாட்டில் கீழே, வயிற்றுப் பெருந்தமனியையும் சிறுநீரகத் தமனியையும் பிடிப்பது அதிகம். ஆகவே அங்கே நாடி தொலைந்து வருகிறார்கள், இங்கே பிரஷர் ஏறி வருகிறார்கள். நடுப் பெருந்தமனி சுருங்கும் இந்தத் தோற்றத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயரே பம்பாயிலிருந்து போனது. கே.இ.எம். மருத்துவமனையின் பி.கே. சென்னும் அவருடைய சகாக்களும் 1963இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் ‘மிடில் அயோர்ட்டிக் சிண்ட்ரோம்’ என்ற தலைப்பிலேயே எழுதினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தியாவில் முதன்முதலாக இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவரும் அதே சென்தான்.

காசநோய்க்கும் இந்த நோய்க்கும் உறவு உண்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அது எப்படி இருந்தாலும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பார்த்தார்கள். பிறகு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள், மெத்தோட்ரெக்ஸேட் சேர்த்தார்கள், பிரஷருக்கு மூன்று வகை மாத்திரை தந்தார்கள். பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள். நோயைக் கண்டுபிடித்தது பெரிய ஊர். அதற்கப்புறம் வந்த வருடங்கள் எல்லாம் எங்களுக்கு.

ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைக்கும். வகுப்பில் அவளுக்கு ‘பன்னு’ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை மாத்திரையை வாயில் போட்டு, அம்மா திரும்பியதும் துப்ப ஆரம்பித்தாள். ஸ்டீராய்டைத் திடுமென நிறுத்துவது இன்னொரு விபரீதம், உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். வாந்தியும் சோர்வுமாக வந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. நான் அவளிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எந்த மாதம் எத்தனை மாத்திரை குறையும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முகம் எப்போது பழையபடி ஆகும் என்பதுதான் அவள் கேள்வி, அதற்குத் தேதியோடு பதில் வேண்டும். பெரியவர்கள் நாம் இந்த இடத்தில் ‘உயிர் முக்கியமா, அழகு முக்கியமா’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். பதினொரு வயதில் வகுப்பறையைவிடப் பெரிய உலகம் கிடையாது.

மெத்தோட்ரெக்ஸேட்டில் வேறு சிக்கல். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அக்கா பிளஸ் ஒன் படித்தாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள். அதனால் அது ‘ஞாயித்துக்கெழம மாத்திரை’ ஆனது, தனி டப்பாவில், அக்காவின் பொறுப்பில். மருந்துக்கடைக்காரரிடமும் ஒருமுறைக்கு நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று போனில் சொல்லி வைத்தேன்.

பிரஷர் மாத்திரைகளில் எனக்கு ஒரு பயம் உண்டு. எனலாப்ரில் நல்ல மருந்து, மலிவானது. கேப்டோப்ரில், எனலாப்ரில் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூலமே பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்தது. ரெனின் கிளப்பிவிட்ட பிரஷரை நேராகப் போய் அடிப்பது இதுதான். ஆனால் இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கிய பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் சிறுநீரகம் படுத்துவிடும். சுருங்கிய குழாய் வழியாக வரும் கொஞ்ச ரத்தத்தை வடிகட்டப் போதுமான அழுத்தம் வேண்டும் என்பதற்காகத்தான் ஆஞ்சியோடென்சின் வடிகட்டியின் வெளி வாசலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியை மருந்து தளர்த்திவிடும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, மறுபக்கம் நன்றாக இருந்தால் கொடுக்கலாம். அப்போதும் தொடங்குமுன் ஒருமுறை, தொடங்கி ஓரிரு வாரத்தில் மறுமுறை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இதைச் சாப்பிடும் பிள்ளைக்கு வாந்திபேதி வந்தால் அன்றைக்கு அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே என்னிடம் வரச் சொல்வேன். சித்திரை வெயிலில் முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பும் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான். பச்சைமலைப் பெண்ணுக்கு ஆம்லோடிபின், பீட்டா பிளாக்கர் வகை ஒன்று, நீர் பிரிய மாத்திரை என்று ஓட்டினோம்.

ஒன்றரை வருடம் கழித்து, நோய் அடங்கிவிட்டது என்று உறுதியானதும் சென்னையில் சிறுநீரகத் தமனிகளை விரிக்கப் பலூன் விட்டார்கள். அழற்சி உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது பலூன் விட்டால் குழாய் மறுபடி சுருங்கிவிடும். வளரும் பிள்ளை என்பதால் ஸ்டென்ட் வைக்கத் தயங்குவார்கள், பிள்ளையோடு சேர்ந்து உலோகம் வளராது. அடங்கியதா என்று எப்படித் தெரியும்? ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை நம்பிக்கையான சாட்சி கிடையாது. அது சாதாரணமாக இருக்கும்போதே குழாய் கெட்டுக்கொண்டிருக்கும். இந்திய வாதநோய் மருத்துவர்கள் கூடி ஐ.டி.ஏ.எஸ். 2010 என்று ஒரு மதிப்பெண் அட்டை செய்து 2013இல் வெளியிட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் புதிதாக நாடி தொலைந்ததா, புதிதாக இரைச்சல் கேட்கிறதா என்பது போன்ற சில கேள்விகளுக்கு அதில் இரட்டை மதிப்பெண். எந்திரம் தேவையில்லாத அட்டை. எனக்கு அது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். மாதாமாதம் அவளுடைய நாடிகளைத் தொட்டுக் குறித்து வைப்பது என் வேலை, அதைச் சென்னைக்கு எழுதி அனுப்பினால் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

எல்லாச் சுருக்கமும் டகாயாசு நோயால் வருவதில்லை. பிறவியிலேயே பெருந்தமனி ஒடுங்கிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. பத்து நாள் குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது, மூச்சு இரைக்கிறது, கால் சில்லென்று இருக்கிறது என்று கொண்டு வருவார்கள். எல்லோரும் சளி, கிருமித் தொற்று என்றுதான் முதலில் நினைப்பார்கள். டயப்பரைக் கழற்றித் தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்தால் போதும். அங்கே நாடி இல்லாமல் கையில் மட்டும் இருந்தால், மூடிக்கொண்டிருக்கும் பிறவிக் குழாயைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளான்டின் சொட்டு மருந்தோடு 108இல் ஏற்றிவிட வேண்டும். மீதி அறுவை மருத்துவர் கையில். அந்தச் சோதனைக்குப் பத்து விநாடி ஆகாது. பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் செய்ய வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பிரசவ வார்டு நிரம்பி வழியும் நாளில் அந்தப் பத்து விநாடிதான் முதலில் காணாமல் போகும்.

இன்னொரு பையன் செந்துறைப் பக்கம். வெறும் தலைவலி. சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகிலும் வயிற்றிலும் பால் கலந்த காப்பி நிறத்தில் தட்டையான மச்சங்கள், ஆறுக்கு மேல். பிறவி மச்சம், அதிர்ஷ்டம் என்றார் பாட்டி. நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற அந்தப் பிறவிக் குறையை 1882இல் விவரித்து எழுதியவர் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன். சிறுநீரகத் தமனியைச் சுருக்குவதும் அதன் குணங்களில் ஒன்று. அவருடைய மகன் ஹைன்ரிக்கும் மருத்துவர்தான். இத்தாலியில் ரீவா-ரோச்சி 1896இல் செய்த பிரஷர் பட்டை ஐந்து சென்டிமீட்டர்தான் அகலம், அதனால் எண் கூடுதலாகக் காட்டுகிறது என்று 1901இல் கண்டு, பட்டையை அகலமாக்கியவர் ஹைன்ரிக். அப்பா சொன்ன நோயை மகன் திருத்திய பட்டையால் கண்டுபிடிக்கிறோம். எனக்கு இந்த மாதிரிப் பொருத்தங்களில் ஓர் அல்ப சந்தோஷம். பையனுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சுருங்கியிருந்தது. பலூன் விட்டார்கள், இப்போது ஒரே மாத்திரை.

பட்டை என்றதும் சொல்லிவிடுகிறேன். உள்ளே காற்றடைக்கும் பையின் அகலம் நடுக்கையின் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். சின்னப் பட்டை கூடுதலாகக் காட்டும், பெரிய பட்டை குறைத்துக் காட்டும். பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது பெரியவர்களின் பட்டை. அதை ஒல்லிப் பிள்ளையின் கையில் சுற்றினால் நோய் இருந்தும் இல்லாதது போல் எண் வரும். எனவே பெரிய பட்டையிலேயே அதிகமாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், உண்மையிலேயே அதிகம்தான். எப்போதும் வலக்கையில் பாருங்கள். பிறவிச் சுருக்கம் சில நேரம் இடக்கைக்குப் போகும் குழாயின் வாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அழும் பிள்ளையிடம் பார்க்காதீர்கள். என்னுடன் வேலை செய்யும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு மனக்கணக்கும் சொல்வேன்: வயதை இரண்டால் பெருக்கி நூறைக் கூட்டுங்கள். மேல் அளவு அதைத் தாண்டினால் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எட்டு வயதுக்கு 116. பதிமூன்றைத் தாண்டிவிட்டால் கணக்கே வேண்டாம், பெரியவர்களைப் போல 130க்கு 80.

எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் பிரஷர் பார்க்க வேண்டுமா என்று கூட்டங்களில் கேட்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை பாருங்கள் என்றது. அதே நாட்டின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2020இல், அப்படிப் பார்ப்பதால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நம் ஊரில் 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு வண்டியில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலில் இதய நோய் உண்டு, வலிப்பு உண்டு, பிரஷர் தனியாக இல்லை. நான் அந்தக் குழுவினரிடம் எல்லோருக்கும் பாருங்கள் என்று கேட்பதில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பொருந்தாத பட்டையால் அவசரமாக எடுக்கும் எண்கள் பயத்தை மட்டும்தான் உண்டாக்கும். வலிப்பு, ஓயாத தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, மூச்சிரைப்பு, வளராத உடம்பு, நடந்தால் கால்வலி, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். முகவாதம் என்று வரும் பிள்ளைக்கு யாரும் பிரஷர் பார்ப்பதே இல்லை, ஸ்டீராய்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பிரஷரால் வந்த முகவாதமாக இருந்தால் அந்த ஸ்டீராய்டு பிரஷரை இன்னும் ஏற்றிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் உப்புப் பேச்சுத்தான் எனக்கு அதிகம் தோற்றது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று பட்டியல் போட்டால் தலையாட்டுவார்கள். பிள்ளை தின்பதோ பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். வேலைக்குப் போகும் தாய் காசைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பருத்தி எடுக்கப் போக முடியும். அதனால் இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தப் பாக்கெட் ஒன்றை மட்டும் பிடிக்கிறேன். அதற்குப் பதில் கடலை மிட்டாய் என்று ஒப்பந்தம் போடுகிறோம். மருந்துக்கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும், மூக்கடைப்புக்கான சளி மருந்தும் கூடாது. இரண்டுமே பிரஷரை ஏற்றும். வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பச்சைமலைப் பெண் வளர்ந்துவிட்டாள். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. எங்கள் பக்கம் பதினெட்டுக்கு முன்பே அந்தப் பேச்சு எழும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சட்டத்தைச் சொல்லி நிறுத்துவது ஒரு வழி. நான் அம்மாவைத் தனியாக உட்கார வைத்து வேறொன்றைச் சொன்னேன். “ஞாயித்துக்கெழம மாத்திரை சாப்பிடறப்ப கரு தரிச்சா கொழந்த ஊனமாப் போயிரும்மா. அந்த மாத்திரைய நிறுத்தி, வேற மாத்திரைக்கு மாத்தி, பிரஷரு ஒரே சீரா இருக்குன்னு பெரிய டாக்டருங்க சொன்னப்புறம்தான் அதப்பத்தி யோசிக்கணும்.” அம்மா கேட்டார்: “மாப்பிள்ள வீட்டுல இதச் சொல்லணுமாங்க?” சொல்ல வேண்டும் என்றேன். பேச்சு அத்தோடு தள்ளிப்போனது. அவள் நர்சிங் சேர்ந்தாள்.

பதினெட்டு முடிந்ததும் அவள் என் நோயாளி இல்லை, பெரியவர்களின் மருத்துவரிடம் போக வேண்டும். பல வருடம் பழகிய பிள்ளைகள் தொலைந்து போவது இந்த இடத்தில்தான். புதிய இடத்தில் பெரிய வரிசை, கோப்பைப் புரட்ட நேரமில்லாத மருத்துவர், இளம் பெண்ணுக்குப் பிரஷரா என்று அவர் கையில் சிக்கும் முதல் மருந்து எனலாப்ரிலாக இருக்கலாம். அவளுடைய கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் நான்கு வரி எழுதினேன். டகாயாசு நோய். இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கிப் பலூன் விடப்பட்டவை. எனலாப்ரில் வகை மருந்து தொடங்கும் முன் சென்னை மருத்துவரைக் கேட்கவும். பிரஷரை வலக்கையில் மட்டும் பார்க்கவும், இடக்கை அளவு செல்லாது.

வாசித்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக ஒரு வரியை அவளே எழுதிக்கொண்டாள்: வலக்கையில் சலைன் ஊசி போடாதீர்கள், பிரஷர் பார்க்க எனக்கு அந்த ஒரு கைதான் இருக்கிறது.